கணித நோயெதிர்ப்பியல்

உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் எப்படி இயங்குகிறது என்பதைச் சமன்பாடுகள், நிகழ்தகவுக் கணக்குகள், கணினி சிமுலேஷன்கள் ஆகியவற்றின் துணையோடு ஆராயும் துறை கணித நோயெதிர்ப்பியல். 1960-களில் துளிர்விட்டு, 1970-களில் தனித்துறையாக உருப்பெற்ற இது, 1995-96இல் எச்.ஐ.வி. ஆய்வுகளின் வழியாகத்தான் மருத்துவர்களின் பரவலான கவனத்தைப் பெற்றது. தொற்றுநோய் மக்களிடையே பரவும் வேகத்தைக் கணிக்கும் மாதிரிகள் வேறு, இது வேறு. அவை ஊருக்குள் நடப்பதைப் பார்க்கின்றன. இது ஓர் உடலுக்குள் நடப்பதைப் பார்க்கிறது.

மற்ற உறுப்பு மண்டலங்களைவிட இங்கே கணிதத்துக்கு அதிக வேலை இருப்பதற்குக் காரணம் உண்டு. இரத்த ஓட்டத்துக்கு இதயம் இருப்பதுபோல நோயெதிர்ப்புக்கு ஒரு மைய உறுப்பு கிடையாது. எலும்பு மஜ்ஜை, தைமஸ், மண்ணீரல், குடற்சுவர், நூற்றுக்கணக்கான நிணநீர் முடிச்சுகள் என்று அது உடலெங்கும் சிதறிக் கிடக்கிறது. நோயை எதிர்க்கும் லிம்போசைட் செல்களில் 100க்கு ஏறத்தாழ 2 மட்டுமே எந்த நேரத்திலும் இரத்தத்தில் இருக்கும். ஆனால் மருத்துவரால் எளிதாக எடுக்க முடிவது இரத்தம் மட்டும்தான். அந்தச் சிறு மாதிரியில் தெரியும் எண்களிலிருந்து, தெரியாத இடங்களில் என்ன வேகத்தில் என்ன நடக்கிறது என்று பின்னோக்கிக் கணக்கிடுவதே இத்துறையின் தலையாய பணி.

தொடக்க காலம்

ஆஸ்திரேலியரான மக்ஃபார்லேன் பர்னெட் 1957இல் முன்வைத்த குலத்தெரிவுக் கொள்கை இத்துறைக்கு அடித்தளமாயிற்று. உடலில் விதவிதமான ஏற்பிகளைத் தாங்கிய லிம்போசைட்டுகள் கிருமி வருவதற்கு முன்பே தயாராக இருக்கின்றன. உள்ளே வரும் ஆன்டிஜெனோடு, அதாவது கிருமி போன்ற அந்நியப் பொருளோடு, பொருந்தும் செல் மட்டும் தெரிவு செய்யப்பட்டுப் பல்கிப் பெருகுகிறது என்பது அதன் சாரம். பெருக்கம், இறப்பு, தெரிவு ஆகிய மூன்றும் உயிரினத் தொகைகளை ஆராயும் சூழலியலாளர்களுக்குப் பழக்கமானவை. அவர்கள் கைவசம் அதற்கான சமன்பாடுகளும் ஏற்கெனவே இருந்தன.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் அணு உலைக் கோட்பாட்டில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜார்ஜ் பெல், 1970இல் குலத்தெரிவுக்கும், ஆன்டிஜெனோடு ஒட்டும் ஆன்டிபாடி என்னும் புரதத்தின் உற்பத்திக்கும் விரிவான கணித மாதிரி ஒன்றை வெளியிட்டார். அணுகுண்டு செய்த ஆய்வகத்திலேயே கோட்பாட்டு உயிரியலுக்கென ஒரு குழுவும் அவரால் உருவானது. ஆலன் பெரல்சன் அக்குழுவில் சேர்ந்தார். அடுத்த அரை நூற்றாண்டில் இத்துறையின் பெரும்பாலான திருப்பங்களில் அவர் பெயர் இருக்கும்.

சோவியத் ஒன்றியத்திலும் ஏறத்தாழ அதே காலத்தில் இம்முயற்சி நடந்தது. அணு உலைக் கணக்குகளிலும் வானிலைக் கணிப்பிலும் தேர்ந்த குரி மார்ச்சுக், ஆன்டிஜென், ஆன்டிபாடி, அதைச் சுரக்கும் பிளாஸ்மா செல், நோயுற்ற உறுப்பின் சேத அளவு ஆகிய நான்கை மட்டும் வைத்து ஒரு மாதிரியை அமைத்தார். ஆன்டிஜென் நுழைவதற்கும் பிளாஸ்மா செல்கள் பெருகுவதற்கும் இடையே சில நாள் தாமதம் இருப்பதை அவர் சமன்பாட்டுக்குள்ளேயே சேர்த்திருந்தார். அளவுருக்களை மாற்ற மாற்ற, அறிகுறியே இல்லாமல் கடந்துபோகும் தொற்று, கடுமையாக வந்து தீரும் நோய், நாட்பட்ட நோய், மரணம் ஆகிய நான்கு முடிவுகளும் அதே மாதிரியிலிருந்து கிடைத்தன. நான்கு நோய்களுக்கு நான்கு விளக்கம் தேவையில்லை என்று காட்டியது அதன் சிறப்பு.

எல்லா முயற்சியும் பலிக்கவில்லை. ஆன்டிபாடிகளை வேறு ஆன்டிபாடிகள் அடையாளம் காண்கின்றன, அவை ஒன்றையொன்று தூண்டியும் அடக்கியும் ஒரு வலைப்பின்னலாகச் சமநிலையில் இருக்கின்றன என்று டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் ஜெர்ன் 1974இல் எழுதினார். 1984இல் அவர் நோபல் பரிசும் பெற்றார். கணிதர்களுக்கு அந்த வலைப்பின்னல் கொள்ளை விருப்பமானது; ஏராளமான கட்டுரைகள் வந்தன. போதிய ஆய்வகச் சான்றுகள்தான் வரவில்லை. அழகான கணிதம் உயிரியலின் முன்னே ஓடிவிட்டதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இத்துறையில் இல்லை.

எத்தனை ஏற்பிகள் போதும்?

வரப்போகும் கிருமி எதுவென்று உடலுக்குத் தெரியாது. அப்படியானால் எத்தனை வகை ஆன்டிபாடிகளைக் கையில் வைத்திருந்தால் பாதுகாப்பு? பெரல்சனும் ஜார்ஜ் ஆஸ்டரும் 1979இல் இதற்கு விடை தேடினார்கள். மூலக்கூறுகளின் வடிவம், மின்னூட்டம் முதலிய பண்புகளை அச்சுகளாகக் கொண்ட ஒரு கற்பனை வெளியை வரைந்து, அதற்கு வடிவ வெளி என்று பெயரிட்டார்கள். ஒவ்வோர் ஆன்டிபாடியும் அந்த வெளியில் தன்னைச் சுற்றிய ஒரு சிறு பகுதியைக் காவல் காக்கிறது. தற்செயலாக வரும் ஓர் ஆன்டிஜென் ஒரு குறிப்பிட்ட ஆன்டிபாடியிடம் சிக்கும் வாய்ப்பு லட்சத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் வகை ஆன்டிபாடிகள் இருந்தால், ஆன்டிஜென்களில் 37 விழுக்காடு எந்தக் கண்ணிலும் படாமல் தப்பிவிடும். 10 லட்சம் வகைகள் இருந்தால் தப்புவது ஒரு லட்சத்தில் நாலைந்து மட்டுமே. எண்ணிக்கையை 10 மடங்கு உயர்த்தியதும் ஓட்டைச் சல்லடை ஏறக்குறைய முழுக் கவசமாகிவிடுகிறது. அதற்குமேல் கூட்டுவதில் ஆதாயம் குறைவு.

லிம்போசைட்டுகளில் ஒரு வகையான டி-செல்களுக்கும் இதே கேள்வியை டான் மேசன் 1998இல் எழுப்பினார். டி-செல் அடையாளம் காணவேண்டிய பெப்டைடுகளின், அதாவது புரதத் துண்டுகளின், சாத்தியமான வகைகள் 10 கோடி கோடிக்கும் மேல். மனித உடலில் உள்ள டி-செல்களின் மொத்த எண்ணிக்கையோ சில லட்சம் கோடியைத் தாண்டாது. பெப்டைடுக்கு ஒரு டி-செல் என்று வைத்தால், அந்தச் செல்கள் மட்டுமே ஒரு மனிதரின் எடையை விஞ்சிவிடும். ஆகவே ஒரே டி-செல் ஏறத்தாழ 10 லட்சம் பெப்டைடுகளையாவது அடையாளம் கண்டாக வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு செல்லுக்கு ஓர் இலக்கு என்ற பாடநூல் எண்ணத்துக்கு இது நேர் எதிர். 2012இல் ஓர் ஆய்வுக்குழு, நீரிழிவு நோயாளி ஒருவரிடமிருந்து பெற்ற ஒற்றை டி-செல் ஏற்பி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பெப்டைடுகளுக்கு வினையாற்றுவதைக் காட்டியது.

எச்.ஐ.வி.: அமைதிபோலத் தெரிந்தது

எச்.ஐ.வி. தொற்றியவருக்கு முதல் சில வாரங்களில் வைரஸ் எண்ணிக்கை உச்சத்துக்கு ஏறி, பின்னர் இறங்கி, ஒரு மட்டத்தில் நிலைத்துவிடும். அந்த மட்டம் ஆண்டுக்கணக்கில் பெரிதாக மாறாது. நோயாளியும் நலமாகவே இருப்பார். சிகிச்சை இல்லாவிட்டால், எயிட்ஸ் வெளிப்படச் சராசரியாகப் 10 ஆண்டுகள் ஆகும். இந்த இடைக்காலத்தில் வைரஸ் உறங்குகிறது, அல்லது மிக மெதுவாகவே பெருகுகிறது என்றுதான் 1990-களின் தொடக்கம்வரை பலரும் நம்பினார்கள்.

நீர்மட்டம் மாறாத மேல்நிலைத் தொட்டியைப் பார்த்து, அதில் தண்ணீர் வரவும் இல்லை போகவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வரத்தும் போக்கும் சமமாக இருந்தாலும் மட்டம் அப்படியேதான் நிற்கும். எது உண்மை என்று அறிய ஒரே வழி, வரத்தை அடைத்துவிட்டு மட்டம் எவ்வளவு விரைவாக இறங்குகிறது என்று பார்ப்பது. நியூயார்க்கின் ஏரன் டயமண்ட் மையத்தில் டேவிட் ஹோவும் லாஸ் அலமோஸில் பெரல்சனும் சேர்ந்து செய்தது இதைத்தான். அப்போது புதிதாக வந்திருந்த ரிட்டோனவிர் என்னும் புரோட்டியேஸ் தடுப்பு மருந்து அவர்களுக்கு அடைப்பானாயிற்று. 20 நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து இரத்தத்தில் வைரஸ் அளவை எண்ணினார்கள். இரண்டு நாளுக்கொரு முறை அது பாதியாகிக்கொண்டே போனது. 1995 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் அந்த முடிவு வந்தது. அதே இதழிலேயே ஜார்ஜ் ஷா, மார்ட்டின் நோவாக் ஆகியோர் இடம்பெற்ற இன்னொரு குழுவின் கட்டுரையும் அதே முடிவோடு வந்தது.

இதற்குப் பயன்பட்ட மாதிரி எளிமையானது. மூன்று சமன்பாடுகள் போதும். எச்.ஐ.வி. தாக்கும் டி-செல் வகையான சிடி4 செல்களில் தொற்றாதவை ஒரு வீதத்தில் உருவாகின்றன, இறக்கின்றன, வைரஸைச் சந்தித்தால் தொற்றுக்கு உள்ளாகின்றன. தொற்றிய செல்கள் அந்தச் சந்திப்பால் கூடுகின்றன, தமக்குரிய வீதத்தில் மடிகின்றன. வைரஸ்கள் தொற்றிய செல்களிலிருந்து வெளிவருகின்றன, உடலால் அகற்றப்படுகின்றன. காட்டில் இரை, வேட்டை விலங்கு ஆகியவற்றின் தொகையைக் கணிக்கும் பழைய லோட்கா–வோல்டெரா சமன்பாடுகளுக்கு இது நெருங்கிய உறவு.

ஆனால் முதல் கட்டுரையில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு நாள் என்ற அரை ஆயுட்காலம் வைரஸுக்கு உரியதா, தொற்றிய செல்லுக்கு உரியதா? இரண்டும் சேர்ந்தே வளைகோட்டை இறக்குகின்றன. மெதுவான ஒன்று வேகமானதை மறைத்துவிடும். இதைப் பிரிக்க 1996இல் ஐந்து நோயாளிகளிடம் மிக நெருக்கமான இடைவெளிகளில் இரத்தம் எடுத்தார்கள்: முதல் 6 மணி நேரம் 2 மணிக்கொரு முறை, பிறகு இரண்டாம் நாள்வரை 6 மணிக்கொரு முறை, அதன்பின் நாளுக்கொரு முறை. ரிட்டோனவிர் வைரஸ் உற்பத்தியை நிறுத்துவதில்லை. புதிதாக வரும் வைரஸ்களைத் தொற்றும் திறனற்றவையாக ஆக்குகிறது, அவ்வளவே. எனவே மருந்து கொடுத்த உடனே எண்ணிக்கை விழாமல், சிறிது நேரம் தயங்கி, பிறகுதான் சரியும். அந்தத் தயக்கத்தின் நீளத்திலும் வளைவிலும்தான் வைரஸின் ஆயுள் ஒளிந்திருந்தது. கணக்கில் கிடைத்தவை: வைரஸின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 6 மணி நேரம், தொற்றிய செல்லின் அரை ஆயுட்காலம் 1.6 நாள், ஓர் உடலில் நாள்தோறும் உற்பத்தியாகும் வைரஸ்கள் 1,000 கோடிக்கும் மேல். வைரஸ் உண்மையில் இதைவிடவும் விரைவாக அகற்றப்படுகிறது என்று பின்னர் 1999இல் தெரிந்தது.

நாள் உற்பத்தியைக் குறிக்கும் அந்த ஓர் எண் சிகிச்சையின் தருக்கத்தையே மாற்றியது. எச்.ஐ.வி.யின் மரபணுத்தொகுதியில் ஏறத்தாழ 10,000 எழுத்துகள். அதை நகலெடுக்கும் நொதி 30,000 எழுத்துக்கு ஒன்று என்ற அளவில் தவறு செய்கிறது. அதாவது மூன்று நகல்களில் ஒன்றில் ஒரு பிழை இருக்கும். நாளொன்றுக்கு ஆயிரம் கோடி வைரஸ் என்றால், எந்த ஒற்றை எழுத்து மாற்றத்தாலும் வரக்கூடிய மருந்தெதிர்ப்பு அன்றன்றைக்கே பலமுறை தோன்றிவிடுகிறது. ஒரே மருந்தைக் கொடுத்தால் தோற்பது உறுதி. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், மூன்றையும் ஒருசேர எதிர்க்கத் தேவையான மாற்றங்கள் ஒரே வைரஸில் கூடிவருவதோ மிக அரிது. 1996 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சை பரவியதில் மருந்து நிறுவனங்களின் புதுக் கண்டுபிடிப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. ஏன் மூன்று என்ற கேள்விக்கு விடை சொன்னது இந்தக் கணக்கு.

மூன்று ஆண்டா, அறுபது ஆண்டா?

அடுத்து வந்தது ஒரு பெரிய நம்பிக்கை. 1997இல் பெரல்சன், ஹோ குழுவினர் கூட்டு மருந்து உண்ட எட்டு நோயாளிகளின் வைரஸ் சரிவை ஆராய்ந்தபோது, முதலில் வேகமான இறக்கமும் அதன்பின் மெதுவான இறக்கமும் தென்பட்டன. இரண்டாவது இறக்கத்துக்கு நீண்ட ஆயுள் கொண்ட தொற்றிய செல்கள் காரணம் என்று கொண்டு, அவற்றின் அரை ஆயுட்காலம் இரண்டு வாரம் என்று கணக்கிட்டார்கள். அதன்படி, வைரஸை முழுமையாக அடக்கும் மருந்தை 2.3 முதல் 3.1 ஆண்டுகள் தொடர்ந்தால் உடலிலிருந்து அதைத் துடைத்தெறிந்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத வேறு தேக்கம் எதுவும் இல்லாவிட்டால் மட்டுமே இது பொருந்தும் என்றும் எழுதியிருந்தார்கள். செய்தித்தாள்கள் முதல் வாக்கியத்தோடு நின்றுவிட்டன.

தேக்கம் இருந்தது. அதே ஆண்டில் ராபர்ட் சிலிசியானோவின் குழு உட்பட மூன்று குழுக்கள், மருந்தால் இரத்தத்தில் வைரஸ் தென்படாமல் போன நோயாளிகளிடமும் வைரஸ் மரபணுவைத் தாங்கி உறங்கும் நினைவு சிடி4 செல்கள் இருப்பதைக் காட்டின. அவை வைரஸை உற்பத்தி செய்வதில்லை. அதனால் மருந்தும் அவற்றைத் தொடுவதில்லை. 1999இல் அவற்றின் அரை ஆயுட்காலம் சுமார் 44 மாதம் என்று அளக்கப்பட்டது. இத்தகைய செல்கள் 1 லட்சம் இருந்தால், ஒன்றே ஒன்று மிஞ்சும்வரை குறைய ஏறத்தாழ 17 முறை பாதியாக வேண்டும். அதாவது 60 ஆண்டுகள். மூன்று ஆண்டு என்ற கணக்கில் சமன்பாடு பிழையாக இல்லை. சமன்பாட்டில் இடம்பெறாத ஒரு செல் வகைதான் விடையை 20 மடங்கு தள்ளிவைத்தது. இந்த உறங்கும் செல்கள் தாமே பிரிந்து பெருகவும் செய்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. ஆகவே அந்த 60 ஆண்டுகூட நம்பத்தக்க கெடு இல்லை.

மருந்தை நிறுத்தினால் வைரஸ் எப்போது திரும்பும் என்பதையும் மாதிரிகள் ஆராய்ந்தன. அலிசன் ஹில் தலைமையிலான 2014ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, பெரும்பாலான நோயாளிகள் மருந்தில்லாமல் ஓராண்டு கடக்க உறங்கும் செல்களின் தேக்கத்தை 2,000 மடங்கு குறைக்கவேண்டும். வைரஸ் திரும்பாமலே இருக்க 10,000 மடங்குக்கும் மேல். உறங்கும் செல் விழித்தெழுவது தற்செயல் நிகழ்ச்சி என்பதால், நீண்ட அமைதிக்குப் பின்னும் வைரஸ் திடீரென்று திரும்பக்கூடும் என்றும் அது கூறியது. பிறந்தவுடன் சிகிச்சை பெற்று, குணமானதாகக் கருதப்பட்ட மிசிசிப்பிக் குழந்தையிடம், மருந்து நின்று 27 மாதங்களுக்குப் பிறகு அதே ஆண்டில் வைரஸ் மீண்டும் தென்பட்டது.

பிற வைரஸ்கள்

எச்.ஐ.வி.யில் பயின்ற முறை ஹெபடைட்டிஸ் சி-க்கும் உடனே பொருந்தியது. 1998இல் அவிடன் நியூமன் முதலியோர், இன்டர்ஃபெரான் கொடுத்த ஓரிரு நாளில் வைரஸ் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் குறைவதைப் பகுத்து, அம்மருந்து புதுத் தொற்றைத் தடுப்பதைவிட வைரஸ் உற்பத்தியை அடக்குவதாலேயே வேலை செய்கிறது என்று காட்டினார்கள். இந்த வைரஸின் நாள் உற்பத்தி 1 லட்சம் கோடி, எச்.ஐ.வி.யைப்போல நூறு மடங்கு. இன்டர்ஃபெரானுடன் ரிபாவிரின் சேர்த்தால் ஏன் சிலரிடம் மட்டும் பலன் கூடுகிறது என்ற புதிருக்கு 2004இல் மாதிரி ஒன்றை வெளியிட்டவர்களில் நரேந்திர தீட்சித் முதன்மையானவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அவர் நடத்தும் குழு, இத்துறையில் இந்தியாவிலிருந்து தொடர்ந்து ஒலிக்கும் குரல்களில் ஒன்று.

செல் முடிவெடுப்பது எப்படி?

நோயாளியின் இரத்தத்தைவிட்டு ஒற்றைச் செல்லின் அளவுக்கு இறங்கினாலும் கணிதத்துக்கு வேலை உண்டு. உடற்செல் ஒன்றின் மேற்பரப்பில் பல்லாயிரம் சொந்தப் பெப்டைடுகள் இருக்க, நடுவே இருக்கும் விரல்விட்டு எண்ணத்தக்க அந்நியப் பெப்டைடுகளை டி-செல் சரியாகப் பிடித்துவிடுகிறது. இரண்டு வகையும் அதன் ஏற்பியில் ஒட்டத்தான் செய்கின்றன; அந்நியமானது சில விநாடி கூடுதலாக ஒட்டியிருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. இவ்வளவு சிறிய வேறுபாட்டிலிருந்து ஆம், இல்லை என்ற துல்லிய முடிவு எப்படி வருகிறது?

தீமத்தி மக்கீதன் 1995இல் சொன்ன விடை, ஜான் ஹாப்ஃபீல்ட் 1974இல் புரத உற்பத்தியின் துல்லியத்தை விளக்கச் சொன்ன கருத்தின் நீட்சி. ஒட்டியதும் உடனே செய்தி போய்விடுவதில்லை; வேதிப் படிகள் பல ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற வேண்டும். இடையில் பிரிந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். ஒவ்வொரு படியையும் தாண்டும் வாய்ப்பு அந்நியப் பெப்டைடுக்கு 90 விழுக்காடு, சொந்தப் பெப்டைடுக்கு 50 விழுக்காடு என்று வைத்தால், ஒரு படியில் வேறுபாடு இரண்டு மடங்குகூட இல்லை. 10 படிகளுக்குப் பின்னே முன்னதற்கு 35 விழுக்காடு, பின்னதற்கு ஆயிரத்தில் ஒன்று. வேறுபாடு 350 மடங்காகிவிடுகிறது. ஒளியால் பிணைப்பு நேரத்தை மாற்றும் உத்தியைக் கொண்டு 2019இல் இரண்டு குழுக்கள் இதை நேரடியாகச் சோதித்தன. செய்தி போகிறதா இல்லையா என்பதைப் பிணைப்பு நீடிக்கும் நேரம் தீர்மானிப்பதை உறுதிசெய்தன.

நிணநீர் முடிச்சுகளின் முளைமையங்களைப் பற்றிய கணிப்பு இன்னும் சுவையானது. அங்கே ஆன்டிபாடி உருவாக்கும் லிம்போசைட்டுகளான பி-செல்கள் தம் ஆன்டிபாடி மரபணுக்களை வேண்டுமென்றே பிழையாக நகலெடுத்து, மேலும் பொருத்தமானவற்றைத் தேர்ந்தெடுக்கின்றன. பெரும்பாலான பிழைகள் கெடுதலே செய்யும். எல்லாப் பிழையையும் முதலில் செய்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு முறை தேர்வு நடந்தால், கிடைத்த நல்ல மாற்றமும் அடுத்தடுத்த பிழைகளில் அழிந்துவிடும். உண்மையில் காணும் அளவுக்குத் தரம் உயரவேண்டுமானால் செல்கள் பிழை செய்யும் பகுதிக்கும் தேர்வு நடக்கும் பகுதிக்கும் இடையே மாறிமாறிப் போய்வரவேண்டும் என்று தாமஸ் கெப்ளரும் பெரல்சனும் 1993இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். செல்கள் நகர்வதை யாரும் அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. உயிருள்ள எலியின் நிணநீர் முடிச்சை இரு-ஃபோட்டான் நுண்ணோக்கியால் பார்க்கும் உத்தி 2007 வாக்கில் கைவந்தபோது அந்தப் போக்குவரத்து தெரிந்தது. 2010இல் கேப்ரியல் விக்டோரா முதலியோர் அதை அளந்தும் காட்டினார்கள்.

கணினிக்குள் ஓர் உடல்

சமன்பாடு சராசரியைப் பேசும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனி ஆளாகக் கணினிக்குள் உலவவிட்டு, சந்திக்கும்போது என்ன செய்யவேண்டும் என்ற விதிகளை மட்டும் கொடுத்து, என்ன நடக்கிறது என்று பார்ப்பது இன்னொரு வழி. ஃபிராங்கோ செலாடாவும் ஐபிஎம் நிறுவனத்தின் ஃபிலிப் சைடனும் 1992இல் உருவாக்கிய இம்சிம் இவ்வகையின் முன்னோடி. காசநோயில் நுரையீரலுக்குள் பாக்டீரியாவைச் சுற்றி உருவாகும் கிரானுலோமா போன்ற, இடமும் அமைப்பும் முக்கியமான நிகழ்வுகளுக்கு இம்முறை மிகவும் ஏற்றது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் கிர்ஷ்னரின் குழு பல்லாண்டுகளாக இதில் ஈடுபட்டுள்ளது. விதிகளைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பது இம்முறையின் பலம், பலவீனமும் அதுவே. நூறு விதிகள் சேர்ந்தபின், கிடைத்த முடிவுக்கு எந்த விதி காரணம் என்று சொல்வது கடினம்.

2009க்குப் பிறகு, ஒருவரது லட்சக்கணக்கான டி-செல் ஏற்பிகளின் மரபணு வரிசையை ஒரே சோதனையில் படிக்க முடிந்தது. அலெக்சாண்டிரா வால்சாக், தியரி மோரா, கர்டிஸ் காலன் முதலியோர் 2012இல் அதில் ஒரு நுட்பத்தைக் கையாண்டார்கள். ஏற்பி மரபணுக்கள் வெட்டி ஒட்டப்படும்போது சில வரிசைகள் பயனற்றுப்போகின்றன. ஆனாலும் செல்லில் தங்கிவிடுகின்றன. பயனற்றவை என்பதால் அவற்றைத் தைமஸ் தேர்வு செய்திருக்காது. ஆகவே தேர்வுக்கு முந்தைய நிலையில் உடல் எந்த வரிசையை எவ்வளவு அடிக்கடி உருவாக்குகிறது என்பதை அவை கலப்பின்றிச் சொல்லும். உறவே இல்லாத இருவரிடம் ஒரே ஏற்பி காணப்படுவது ஏன் என்பதற்கும் இதிலிருந்து விடை வந்தது: அவ்வரிசைகள் எளிதில் உருவாகக்கூடியவை, எனவே பலரிடமும் தோன்றுகின்றன.

எல்லைகளும் அண்மைப் பயனும்

இத்துறையின் தீராத தொல்லை அளவுருக்கள். இரத்தத்தில் எடுத்த ஒரே வளைகோட்டுக்கு, வெவ்வேறு எண்களைப் போட்ட இரண்டு மாதிரிகள் ஒன்றுபோலப் பொருந்திவிடலாம். வைரஸ் அகற்றப்படும் வேகத்தை இரட்டிப்பாக்கி, உற்பத்தியையும் இரட்டிப்பாக்கினால் நிலையான மட்டம் மாறாது. எது சரி என்று அந்த மட்டம் ஒருபோதும் சொல்லாது. புதிய சோதனை வேண்டும். அதனால்தான் நல்ல மாதிரியாளர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்பது, இரத்தம் எந்தெந்த மணிக்கு எடுக்கப்பட்டது என்பதை.

குறைந்த எண்களைக்கொண்டு நிறையச் சொன்ன அண்மை எடுத்துக்காட்டு, சிட்னியின் கிர்பி நிறுவனத்தில் மைல்ஸ் டேவன்போர்ட், டெபோரா குரோமர் முதலியோர் 2021இல் வெளியிட்ட கோவிட் ஆய்வு. ஏழு தடுப்பூசிகளின் பரிசோதனைகளில் ஆன்டிபாடி அளவுகள் வெவ்வேறு ஆய்வகங்களில் வெவ்வேறு முறையில் அளக்கப்பட்டிருந்தன; நேரடியாக ஒப்பிட வழியில்லை. ஒவ்வொரு ஆய்வகமும் நோயிலிருந்து மீண்டவர்களின் அளவையும் எடுத்திருந்ததால், அதையே பொது அளவுகோலாகக் கொண்டார்கள். மீண்டவர்களின் சராசரியில் ஏறத்தாழ 20 விழுக்காடு ஆன்டிபாடி இருந்தாலே அறிகுறியுள்ள நோயிலிருந்து 50 விழுக்காடு பாதுகாப்பு கிடைக்கும் என்றும், கடும் நோயைத் தடுக்க அதைவிட மிகக் குறைந்த அளவே போதும் என்றும் கணக்கு வந்தது. மாதங்கள் செல்லச் செல்லத் தடுப்பூசி போட்டவர்களுக்கும் சளி காய்ச்சல் வரலாம், ஆனால் மருத்துவமனைக்குப் போகும் நிலை அரிதாகவே இருக்கும் என்பது அதன் பொருள். டெல்டா, ஓமைக்ரான் அலைகளின்போது பல நாடுகளில் கண்டதும் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது.